மூலக்கோப்பு யாரிடம் இருக்கிறது? ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நம் மாணவர் வலையமைப்புக்குப் புதிய காட்சி அடையாளம் ஒன்றை உருவாக்குவதென்று சென்ற கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவை மனமார வரவேற்கிறேன். ஆனால் அதே கூட்டக் குறிப்பில், இறுதி இலச்சினையும் பயன்பாட்டுக் கையேடும் பிடிஎஃப் வடிவில் மட்டுமே கிளைகளுக்கு அனுப்பப்படும், திருத்தக்கூடிய மூலக்கோப்புகள் குழுவின் பொறுப்பிலேயே இருக்கும், ஒவ்வொரு புதிய பயன்பாட்டுக்கும் முன் அனுமதி பெற வேண்டும் என்று மூன்று வரிகள் இருந்தன. அவற்றைப் படித்த பிறகுதான் இம்மடலை எழுத உட்கார்ந்தேன். ஆறு ஆண்டுகளாக ஒரு கிளைக்குச் சுவரொட்டி, சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் செய்துகொடுத்து வருகிறேன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

இப்போதைய இலச்சினையின் கதையைக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்று வட்டங்கள், அவற்றை இணைக்கும் மூன்று கோடுகள், கீழே வலையமைப்பின் பெயர், அவ்வளவுதான். அதை வரைந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றார். அவருடைய மடிக்கணினி பழுதானது. மூலக்கோப்பும் அதோடு போயிற்று. எஞ்சியது 240 பிக்சல் அகலமுள்ள ஒரு படம், அதுவும் பின்னால் வெள்ளைக் கட்டத்தோடு. நான் சேர்ந்த ஆண்டில் மூன்று மீட்டர் பதாகை ஒன்றுக்கு அதைத்தான் கொடுத்தோம். அச்சகத்தில் இருந்தவர் திரையில் அதைப் பெரிதாக்கிக் காட்டி, "வெக்டர் இல்லையா தம்பி?" என்று கேட்டார். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாத கோப்பைத்தான் அப்படிக் கேட்டார். இல்லை என்றதும் மேற்கொண்டு எதுவும் பேசாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். வட்டங்களின் விளிம்பு படிக்கட்டு போல வந்தது. நீலத் துணியில் அந்த வெள்ளைக் கட்டம் ஒட்டுப் போட்டது போல மேடை முழுக்கத் தெரிந்தது.

அதன்பின் கிளைக்குக் கிளை ஆளாளுக்கு அதை மறுபடி வரைந்தார்கள். நானும் வரைந்தேன். சென்ற ஆண்டு ஒன்பது கிளைகளின் இலச்சினைகளை ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஐந்து வெவ்வேறு நீலங்கள் இருந்தன. இரண்டில் கோடுகள் வட்டங்களைத் தொடவே இல்லை. ஒன்றில் மூன்றாவது கோடே காணோம். அந்தக் கோட்டை விட்டவன் நான்தான் என்பதைப் பழைய கோப்புகளைத் துழாவியபோது கண்டுபிடித்தேன். கையேடு அப்போதும் இருந்தது, எல்லாரும் படித்தும் இருந்தோம். கோப்பு இல்லாதவனுக்குக் கையேட்டால் என்ன பயன்?

புதிய இலச்சினைக்கும் இதே கதி நேரும் என்பதுதான் என் அச்சம். பிடிஎஃப் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வெட்டி ஒட்டுவதுதான் கிளைகளுக்கு எளிய வழியாக இருக்கும். இரண்டாண்டுக்குள் மறுபடியும் ஐந்து நீலங்கள் வந்துவிடும். ஒரு நிறுவனம் தன் இலச்சினையைப் பூட்டி வைத்தால் அதைக் காக்கச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருப்பார்கள். அனுமதி கேட்டால் அலுவலக நேரத்தில் பதில் வரும். நம் குழுவில் ஒரு பொறுப்பில் மூன்று ஆண்டு தாண்டி யாரும் இருந்ததில்லை. நாளை மாலை நிகழ்ச்சிக்கு இன்றிரவு பதினொரு மணிக்கு, தேர்வுக்குப் படித்துக்கொண்டே, ஒரு கிளைச் செயலாளர் சுவரொட்டி செய்கிறார். அவர் அனுப்பும் அனுமதிக் கடிதத்தை அதே வாரம் தேர்வு எழுதும் இன்னொரு மாணவர்தான் திறந்து பார்க்க வேண்டும். அனுமதி வராது என்பது தெரிந்ததும் அவர் கேட்பதையே விட்டுவிடுவார், அதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே நான் கேட்பது இதுதான்: புதிய அடையாளத்தின் மூலக்கோப்புகள், எழுத்துருக்கள், வார்ப்புருக்கள், முடிவுகளுக்கான காரணக் குறிப்புகள் ஆகிய அனைத்தையும், பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் எல்லாருக்கும் இசைவு தரும் தெளிவான திறந்த உரிமத்தின் கீழ், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓரிடத்தில் முதல் நாளிலிருந்தே வையுங்கள்.

மூலக்கோப்பு என்று நான் சொல்வது எஸ்விஜி என்ற வெக்டர் வடிவத்தை. 2001-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு முறையான பரிந்துரையாக வெளியிட்ட இந்த வடிவம் உண்மையில் ஓர் உரைக்கோப்புதான்; வட்டத்தின் ஆரம், கோட்டின் தடிமன், வண்ணத்தின் எண் எல்லாம் படிக்கக்கூடிய எழுத்தாகவே அதில் இருக்கும். வேறு கருவி எதுவும் கிடைக்காவிட்டாலும் சாதாரண உரைத்திருத்தியில் திறந்து நீலத்தை மாற்றிவிடலாம். இங்க்ஸ்கேப் போன்ற, யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற வரைதல் மென்பொருள் அதையே தன் சொந்த வடிவமாகக் கொண்டுள்ளது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களும் அதைத் திறக்கும். இப்போது வரைவைச் செய்துவரும் அன்பர் தமக்குப் பழகிய மென்பொருளிலேயே வேலை செய்யட்டும், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஒப்படைக்கும்போது எஸ்விஜியாக ஒப்படைக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் இரண்டு படி வேண்டும். ஒன்றில் எழுத்துகள் திருத்தக்கூடிய எழுத்தாகவே இருக்க வேண்டும். மற்றதில் அவை வளைகோடுகளாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். முதலாவது அடுத்து வருபவருக்கு, இரண்டாவது அச்சகத்துக்கு. இந்த இரண்டாவது படி இல்லாமல்தான் ஒருமுறை நம் சான்றிதழ்கள் அறுபதும் பெயருக்குப் பதிலாகக் காலிக் கட்டங்களோடு அச்சாகி வந்தன.

எழுத்துரு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வரைவில் எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான். தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் எழுத்துரு அழகானது, ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் தனி உரிமம் வாங்க வேண்டியது, கிளைகள் வாங்கப்போவதில்லை, வாங்காமல் யாரோ பகிர்ந்த நகலை நிறுவிக்கொள்வார்கள், அல்லது கிட்டத்தட்ட அதுபோலத் தெரியும் வேறொன்றைப் போட்டுக்கொள்வார்கள். முதலாவது சட்டப்படி தவறு, இரண்டாவது அடையாளத்தின் நோக்கத்தையே கெடுப்பது. எஸ்ஐஎல் என்ற மொழியாய்வு நிறுவனம் உருவாக்கிய திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1 பதிப்பு 2007-இல் வந்தது. அதன் கீழ் வரும் எழுத்துருவை யாரும் நிறுவலாம், ஆவணத்தில் பொதியலாம், திருத்தலாம், கோப்போடு சேர்த்துப் பிறருக்குக் கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. இதைவிட நமக்குப் பொருத்தமான ஏற்பாட்டை நான் அறியேன்.

இன்னொரு சிக்கலும் அதில் உண்டு. நம் கிளைகள் ஒரே மொழியில் இயங்குவதில்லை. வரைவிலுள்ள எழுத்துருவில் லத்தீன் எழுத்துகள் மட்டுமே இருப்பதால், மற்ற வரிவடிவங்களில் வலையமைப்பின் பெயரை எழுதினால் கணினி தனக்குத் தோன்றிய ஏதோ ஓர் எழுத்துருவை இட்டு நிரப்பும். ஒரு வரி கம்பீரமாகவும் அடுத்த வரி இரவல் சட்டை போலவும் நிற்கும். நோட்டோ எழுத்துருக் குடும்பம் யூனிகோடிலுள்ள வரிவடிவங்கள் அனைத்துக்கும் ஒத்திசைவான எழுத்துருக்களைத் தரும் நோக்கில் உருவாக்கப்பட்டது, திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பது, அதிலிருந்து தொடங்கலாம். விக்கிப்பீடியா 2010-இல் தன் புதிர்க்கோள இலச்சினையைப் புதுப்பித்தபோது, பெயரை எழுதியிருந்த ஹோஃப்லர் டெக்ஸ்ட் எழுத்துருவை விட்டுவிட்டு, லினக்ஸ் லிபர்டைன் என்ற கட்டற்ற எழுத்துருவுக்கு மாறியது. அதே புதுப்பிப்பில், 2003-ஆம் ஆண்டுக் கோளத்திலிருந்த தேவநாகரி, ஜப்பானிய எழுத்துப் பிழைகளும் திருத்தப்பட்டன. வரைந்தவர் எல்லா எழுத்துகளையும் அறிந்திருக்க முடியாது. அறிந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். நம் கோப்பும் திறந்திருந்தால், பிழையைச் சுட்டுபவரே அதைத் திருத்தியும் தந்துவிடுவார்.

உரிமம் என்றதும் கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் அன்போடு வரைந்து கொடுத்ததற்குக் காகிதம் எதற்கு என்பார்கள். பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் பதிப்புரிமை பதிவு எதுவும் இல்லாமலே, படைப்பு உருவானதும் தானே பிறந்துவிடுகிறது. வரைந்தவர் எழுதித் தராதவரை அது அவருடையதுதான். அவர் நாளை மனத்தாங்கலோடு விலகினால், அல்லது எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போனால், நம் பதாகை ஒவ்வொன்றும் யாருடைய அனுமதியில் தொங்குகிறது என்று சொல்ல நம்மிடம் எதுவும் இராது. அதனால் வரைபவரிடம் வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். படைப்புகளைப் பொதுவில் பகிர்வதற்கென ஆயத்தமாக எழுதப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் திரும்பப் பெற முடியாதவை என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது தெரிந்து அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து வேறொருவரை நாட வேண்டும்.

எந்த உரிமம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. வார்ப்புருக்களுக்கும் சிறு குறியீடுகளுக்கும் எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி ஜீரோ போதும். இலச்சினைக்கு, படைத்தவர் பெயரைக் குறிப்பிடும் உரிமம் பொருந்தும். ஆனால் சட்டைப் பொத்தான் அளவுள்ள சின்னத்தில் பெயரை எங்கே போடுவது என்ற நியாயமான கேள்வி எழும். லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் சின்னமான பென்குவினை 1996-இல் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் வரைந்த லாரி யூயிங் இதற்கு ஒரு வழி வைத்தார்: யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், யாராவது கேட்டால் மட்டும் என் பெயரையும் கிம்ப்பின் பெயரையும் சொல்லுங்கள் என்றார். சட்ட நடையில் இதைவிடப் பெருந்தன்மையான வாசகத்தை நான் படித்ததில்லை. நாமும் படைத்தவர் பெயரைக் கோப்புக்குள்ளேயும் கோப்புறையிலுள்ள குறிப்பிலும் எழுதிவைத்து, அதுவே போதுமானது என்று அவரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

அடுத்து, நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் உங்கள் முடிவுக்கு உண்மையான காரணம் என்று நான் நினைப்பது: தவறான பயன்பாடு. யாரோ ஒருவர் நம் இலச்சினையைப் போட்டுப் பணம் வசூலித்தால்? தனக்கு வேண்டிய கட்சிக்கு நாம் ஆதரவு தருவதாகக் காட்டிக்கொண்டால்? இந்த அச்சம் பொருளற்றதென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏமாற்றுபவருக்கு நம் மூலக்கோப்பு தேவையே இல்லை. கைப்பேசித் திரையில் வந்த படமே அவருக்குப் போதும். கோப்பைப் பூட்டுவதால் தடுக்கப்படுபவர் ஒழுங்காகச் செய்ய நினைக்கும் கிளைச் செயலாளர் ஒருவர்தான். ஏமாற்றுபவரைத் தடுப்பது பெயர்க் கொள்கை. எவை நம் அதிகாரபூர்வக் கிளைகள், யார் நம் பெயரில் பணம் பெறலாம், எந்த வகைப் பயன்பாடு நம் ஆதரவு இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தரும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பொதுவில் வைப்பதுதான் அது. வரைபடத்தின் பதிப்புரிமை வேறு, பெயரையும் சின்னத்தையும் அடையாளமாகப் பயன்படுத்தும் வணிகக்குறி உரிமை வேறு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 4.0 பதிப்பு, வணிகக்குறி உரிமை இதன்கீழ் வழங்கப்படவில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2014-இல் தன் இலச்சினைகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது; வணிகக்குறிப் பாதுகாப்பைக் கைவிடவில்லை. இரண்டையும் ஒருசேரச் செய்ய முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. லினக்ஸ் அடிப்படையிலான டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்துக்கு இரண்டு இலச்சினைகள். யாரும் பயன்படுத்தக்கூடிய சிவப்புச் சுருள் ஒன்று. திட்டத்தின் அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட, குடுவையிலிருந்து அந்தச் சுருள் எழுவது போன்ற படம் மற்றொன்று. டெபியன் என்றால் இன்று எல்லார் கண்ணிலும் நிற்பது சுருள்தான். குடுவையை அத்திட்டத்தைப் பல காலம் பயன்படுத்தியவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். அதே டெபியன் 2006-இல் பயர்பாக்ஸ் உலாவியின் பெயரையே மாற்றி ஐஸ்வீசல் என்று வழங்க நேர்ந்தது. பயர்பாக்ஸ் பெயரைப் பயன்படுத்தினால் அதன் அதிகாரபூர்வ இலச்சினையையும் சேர்க்க வேண்டும் என்றது அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லா அமைப்பு. அந்த இலச்சினைப் படத்தின் உரிமமோ டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளுக்கு ஒத்துவரவில்லை. ஒரே பக்கத்தில் நின்ற இரு அமைப்புகளுக்கு இடையே ஒரு படம் 2016 வரை பத்தாண்டு குறுக்கே நின்றது.

திறந்த வடிவமைப்பு என்றால் எல்லாரும் வாக்களித்து இலச்சினையைத் தேர்வது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை, சொல்லப்போனால் அதை எதிர்க்கிறேன். நானூறு பேரிடம் ஐந்து படங்களைக் காட்டி விருப்பத்தைக் கேட்டால், யாருக்கும் பெரிதாக வெறுப்பு இல்லாத ஒன்று வெல்லும். முன்பு சொன்ன அந்தப் பென்குவின் லினக்ஸ் இலச்சினைக்காக நடந்த போட்டிகள் எதிலும் வென்றதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். போட்டி வைப்பதில் இன்னொரு மனத்தடையும் எனக்கு உண்டு: முப்பது மாணவர்கள் இரவு விழித்து வரைவார்கள், ஒருவருடையது எடுக்கப்படும், மீதி இருபத்தொன்பது பேரின் உழைப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முடிவெடுக்கும் பொறுப்பு மூன்று பேருக்கு மேற்படாத சிறு குழுவிடம் இருக்கட்டும். அவர்கள் என்ன பார்க்கிறார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்பது மட்டும் வெளியே தெரியட்டும். மொசில்லா 2016-இல் தன் புதிய அடையாளத்தை இப்படித்தான் செய்தது: வடிவமைப்பு நிறுவனம் ஒன்றின் ஏழு திசைகளைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்டு, படிப்படியாகக் குறைத்து, 2017 ஜனவரியில் முடிவை அறிவித்தது. வாக்கெடுப்பு நடத்தவில்லை. குறை சொன்னவர்கள் நிறைய இருந்தார்கள். அந்தக் குறைகளைக் கேட்ட பிறகு முடிவெடுத்தார்கள்.

வரைவைப் பற்றியும் சில வார்த்தைகள். பெரிய எழுத்தில் வெள்ளைப் பின்னணியில் வரும் ஆரஞ்சு நிறத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச மாறுபாட்டு விகிதம் 2.3:1-ஐக்கூடத் தொடவில்லை. இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் ஏஏ நிலை சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. ஆரஞ்சைப் பின்னணியாக்கி எழுத்தைக் கருமையாக்கினால் தீர்ந்துவிடும். அடுத்து, ஒற்றை நிறத்தில் அச்சிட்டால் மூன்று அடுக்குகளும் ஒன்றாகக் கலந்து மையொழுகல் போலத் தெரிகின்றன. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் திட்டம் தன் பழைய இலச்சினையை மாற்றியதற்குச் சொன்ன காரணங்களுள் ஒற்றை நிறத்தில் அது சரியாக நிற்காததும் ஒன்று. பெயரின் கடைசி எழுத்து வேறோர் எழுத்தாகப் படிக்கப்பட்டதும் ஒன்று. நமக்கு நகலெடுக்கும் இயந்திரம்தான் பெரும்பாலான நேரங்களில் அச்சகம், ஆகையால் கருப்பு வெள்ளையில் முதலில் சரியாக அமையட்டும், நிறம் பிறகு வரட்டும்.

கையால் வரைய முடிகிறதா என்றும் பாருங்கள். 1958-இல் ஜெரால்டு ஹோல்டம் அணு ஆயுத எதிர்ப்புப் பேரணிக்காக வரைந்த அமைதிச் சின்னம் ஒரு வட்டமும் சில கோடுகளும்தான். யாரும் அதற்கு உரிமை கொண்டாடவில்லை. சுண்ணக்கட்டி கிடைத்தவரெல்லாம் சுவரில் வரைந்தார்கள். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளாலான மறுசுழற்சிச் சின்னத்தை 1970-இல் வரைந்தவர் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர். அதுவும் பொதுவுடைமையாகத்தான் இருக்கிறது. (அது போட்டியில் வென்ற படம்தான். மேலே சொன்னதற்கு இது முரண் என்பது எனக்குத் தெரியும். வாதத்தை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.) கிளைகளுக்குத் தனித்தனி வடிவங்கள் தரும் யோசனையில் மட்டும் நிதானம் தேவை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஆய்வகமான மீடியா லேப் 2011-இல் 40,000 வடிவங்கள் எடுக்கக்கூடிய இலச்சினையை நிரல் வழியே உருவாக்கியது. 2014-இலேயே ஒரே கட்டச் சட்டத்தில் அமைந்த எளிய குடும்பமாக அதை மாற்றிக்கொண்டது. நமக்கு ஒரு வடிவம், அதன் கீழ் கிளைப்பெயர் எழுத ஓரிடம், இதுவே அதிகம்.

கட்டற்ற மென்பொருளை விரும்புபவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் கணினியில் வேலை செய்வதில்லை. கைப்பேசியில், கைக்குக் கிடைத்த இலவசச் செயலியில் செய்கிறார்கள். எஸ்விஜியைக் கொடுத்துவிட்டு இங்க்ஸ்கேப் கற்றுக்கொள்ளுங்கள் என்று உபதேசித்தால் அவர்கள் பழைய வெள்ளைக் கட்டப் படத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஆகவே பின்னணி இல்லாத பிஎன்ஜி படக்கோப்புகள் மூன்று அளவுகளில், வெளிர் பின்னணிக்கு ஒன்று, அடர் பின்னணிக்கு ஒன்று என, கோப்புப் பெயரைப் பார்த்ததும் எதற்கென்று புரியும்படி வைக்க வேண்டும். கோப்புறையின் சாவி ஒரே நேரத்தில் இருவரிடம் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது அடுத்த ஆண்டும் படிப்பில் இருப்பவராக.

வரைவு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறது என்று அறிகிறேன். அதற்கு முன் அந்த மூன்று வரிகளையும் திரும்பப் பெற்று, வடிவமைக்கும் அன்பரோடு உரிமம் பற்றிப் பேசி, என்ன முடிவானது என்பதை எல்லாக் கிளைகளுக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பங்காக, பழைய இலச்சினையை அளவெடுத்து எஸ்விஜியாக மறுபடி வரைந்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளில் செய்த சுவரொட்டி வார்ப்புருக்கள் இருபத்திரண்டும் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சிசி ஜீரோவின் கீழ் தருகிறேன். கோப்புறையை எங்கே திறக்கிறீர்கள் என்று சொன்னால் அன்றே ஏற்றிவிடுகிறேன். மூன்றாவது கோடு இந்தமுறை இருக்கிறது, இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

மிக்க மதிப்புடன்,
கிளை ஒன்றின் வடிவமைப்புத் தன்னார்வலர்